பழைய படங்களில் வருங்காலம்



வருங்காலத்தைக் காட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட பழைய திரைப்படங்கள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவ மாணவியரை மனத்தில் கொண்டே பேசுகிறேன். புராணப் படம் பழையதானால் அதற்குக் குறைவொன்றுமில்லை; முன்னமே நடந்து முடிந்த கதையை அது சொல்லுகிறது. சமூகப் படம் பழையதானால் அந்தக் காலத்து உடைக்கும் வீட்டுக்கும் பேச்சுக்கும் சான்றாக நிற்கிறது. வருங்காலத்தைக் காட்டும் படத்தின் நிலைமை வேறு. அது ஓர் ஆண்டைக் குறித்துவிடுகிறது. அந்த ஆண்டு ஒருநாள் வந்தே தீருகிறது. வந்த பின், சோதிடர் எழுதித் தந்த சாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நடந்ததையும் நடவாததையும் ஒத்துப் பார்ப்பதுபோல, நாமும் அந்தப் படத்தை ஒத்துப் பார்க்கிறோம்.

அவ்வாறு பார்ப்பவர்கள் பெரும்பாலும் பலித்தவை இவை, பலிக்காதவை இவை என்று இரண்டு பட்டியல் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். வாழ்நாளில் பாதியை மதிப்பெண் போடுவதிலேயே கழித்தவன் நான்; ஆயினும் அந்த முறையில் எனக்கு நிறைவில்லை. ஒரு படத்தில் எந்தப் பகுதி விரைவில் நரைத்தது, எந்தப் பகுதி இன்னும் நரைக்கவில்லை, அதற்குக் காரணம் என்ன என்று பார்த்தால் சில புதுமையான செய்திகள் கிடைக்கின்றன.

ஜெர்மனியில் 1927 ஜனவரி 10-ஆம் நாள் ‘மெட்ரோபொலிஸ்’ என்ற மௌனப் படம் வெளியாயிற்று. இயக்கியவர் ஃபிரிட்ஸ் லாங். கதையமைப்பு அவர் மனைவி தேயா ஃபான் ஹார்போவுடையது. வானளாவிய மாளிகைகள் நிறைந்த ஒரு மாநகரம். மாளிகைக்கும் மாளிகைக்கும் நடுவே அந்தரத்தில் பாலச் சாலைகள். அவற்றின்மேல் எறும்புச் சாரைபோல மோட்டார் வண்டிகள். இடையிடையே சிறு விமானங்கள் பறந்து திரிகின்றன. செல்வர்கள் மேலே வாழ்கின்றனர். தொழிலாளர்கள் நிலத்தின்கீழ் வாழ்கின்றனர். நகரத் தலைவனின் மகன் ஒருநாள் கீழே இறங்கிச் சென்று, அங்கே மனிதர் படும் பாட்டைக் காண்பதுதான் கதைக்குத் தொடக்கம்.

இந்தப் படத்தில் நகரத் தலைவன் தொலைபேசியில் பேசும் காட்சி ஒன்று உண்டு. சுவரோடு பொருத்திய பெரிய பெட்டியின் குமிழ்களை அவன் திருப்புகிறான். திரையில் கலங்கலாக ஏதோ அசைகிறது. பிறகு இயந்திரக் கூடத்தின் மேலாளுடைய உருவம் தெளிகிறது. முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஜான் லோகி பேர்டு என்பவர் லண்டனில் தொலைக்காட்சியை அறிஞர்களுக்கு முன் செய்து காட்டியது 1926 ஜனவரியில். வாஷிங்டனில் பேசிய ஹெர்பர்ட் ஹூவரின் முகத்தை நியூயார்க்கில் இருந்தவர்கள் கம்பி வழியே கண்டது 1927 ஏப்ரலில். அதாவது படம் வெளியாகி மூன்று மாதத்துக்குப் பின். எனவே, இந்தக் காட்சியைக் கற்பித்தவர்கள் காலத்துக்கு மிகவும் முந்தியவர்கள் என்று சொல்ல முடியாது. காலத்தோடு ஒட்டி ஓர் அடி முன்னே நடந்தார்கள் எனலாம்.

ஆனால் அதே தலைவனுடைய அலுவலகத்தில் வேறொன்றையும் பாருங்கள். முகம் காட்டும் தொலைபேசி சுவரில் இருக்கிறது. குமாஸ்தாக்களோ ஏடும் எழுதுகோலுமாக உட்கார்ந்து எண்களைக் கையால் குறித்துக்கொள்கிறார்கள். இயந்திரத்தைக் கற்பித்தவர்களுக்கு அலுவலகத்தை மாற்றத் தோன்றவில்லை. அலுவலகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அல்லது, அதைப் பற்றி எண்ணவே இல்லை போலும். கண்முன்னே எப்போதும் இருப்பதுதான் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாதது.

இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களுள் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் முதன்மையானவர். விஞ்ஞானக் கதைகளுக்குப் பாட்டனார் என்று மதிக்கத்தக்கவர். 1927 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவர் எழுதிய மதிப்புரையில் இரக்கம் சிறிதும் இல்லை. நூறாண்டுக்குப் பின் நடப்பதாகச் சொல்லும் படத்தில் இன்றைய விமானங்களே பறக்கின்றன, இன்றைய கார்களே ஓடுகின்றன என்றார். நகரங்கள் இனிமேல் பரந்து விரியுமேயன்றி இப்படி உயர்ந்துகொண்டே போகமாட்டா என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் திருந்தத் திருந்த அடிமைபோல் உழைக்கும் ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள். ஆதலின் படத்தின் அடிப்படையே பிழை என்று வாதிட்டார். இந்தக் கடைசி வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

மதிப்புரையோடு வெல்ஸ் நிற்கவில்லை. வருங்காலத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று தாமே காட்ட முற்பட்டார். அவர் திரைக்கதை எழுத, அலெக்சாண்டர் கோர்டா தயாரிக்க, 1936-இல் லண்டனில் ‘திங்ஸ் டு கம்’ என்ற படம் வெளிவந்தது. ‘வர இருப்பவை’ என்று பெயரை மொழிபெயர்க்கலாம். 1940-இல் ஒரு நகரத்தின்மேல் விமானங்கள் குண்டு பொழிவதாக அதில் ஒரு காட்சி உண்டு. நான்கே ஆண்டுகளில், அதே 1940-இல், லண்டன் மக்கள் அதைத் தம் தெருவிலேயே கண்டார்கள். இவ்வளவு துல்லியமாகக் கணித்த அதே வெல்ஸ், படத்தின் இறுதியில் 2036-ஆம் ஆண்டுக்கு வருகிறார். ஓர் இளைஞனையும் ஓர் இளம்பெண்ணையும் சந்திரனை நோக்கி அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புகிறார் தெரியுமா? ஒரு மாபெரும் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்!

மேனிலைப் பள்ளி மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டால் ஒரு சிறு கணக்குப் போட்டுவிடலாம். பூமியின் ஈர்ப்பினின்றும் விடுபட ஒரு பொருள் வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் பெற வேண்டும். பீரங்கிக் குழாயின் நீளம் 1 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் அவ்வளவு வேகமும் ஏறியாக வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கிறது. அது பூவீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 6,400 மடங்கு. 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவி அந்தக் குழாய்க்குள் இருந்தால், அந்தக் கணத்தில் அவள் உடம்பு 320 டன் எடையுள்ளதுபோல் தன்னைத் தானே நசுக்கிக்கொள்ளும். சந்திரனுக்குப் போவது இருக்கட்டும், குழாயின் வாயைக்கூட அவள் உயிரோடு தாண்டமாட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், வெல்ஸிடம் பாட்டு வாங்கிய ஃபிரிட்ஸ் லாங், இந்தப் படத்துக்கு ஏழாண்டு முன்னரே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு முடித்துவிட்டார். 1929 அக்டோபர் 15-ஆம் நாள் பெர்லினில் வெளியான அவருடைய படத்தின் பெயர் ‘ஃபிரௌ இம் மோண்ட்’. ‘சந்திரனில் ஒரு பெண்’ என்பது பொருள். லாங் தாமாகக் கணக்குப் போடவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவரைக் கூட்டி வந்தார். ஹெர்மன் ஓபர்த் என்ற பள்ளி ஆசிரியர், கோள்களின் வெளிக்கு ராக்கெட்டில் செல்வது பற்றி 1923-இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். ஆசிரியர் ஒருவர் திரைப்படத்துக்குப் புத்தி சொன்னார் என்பதில் எனக்குச் சற்றே பெருமை உண்டு. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தில் ராக்கெட் உயரமான ஒரு கூடத்துக்குள் நின்ற நிலையில் கட்டப்படுகிறது. நின்றபடியே தண்டவாளத்தின்மேல் மெல்ல வெளியே நகர்த்தப்படுகிறது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் சாட்டர்ன் ராக்கெட்டுகள் தம் கூடத்தினின்றும் நின்றபடியே வெளிவந்ததைப் படங்களில் பார்த்தவர்களுக்கு இரண்டு காட்சிகளும் உடன்பிறந்தவைபோல் தோன்றும். பயணிகள் படுக்கையில் படுத்துக்கொள்கிறார்கள். வேகத்தின் அழுத்தத்தைப் படுத்த உடல்தான் தாங்கும் என்பது ஓபர்த்துக்குத் தெரியும். எரிபொருள் தீர்ந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. எடையற்ற நிலையில் காலை மாட்டிக்கொள்ள வார்கள் வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்குள் 6,400 மடங்கு என்று கண்டோமே, சாட்டர்ன் ராக்கெட்டில் சென்றவர்கள் தாங்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 4 மடங்குதான். அடுக்கடுக்காக, நிமிடக் கணக்கில், சிறுகச் சிறுக வேகம் ஏற்றுவதன் பயன் அது.

இனிச் சந்திரனில் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது? எல்லாம் தலைகீழாகிவிடுகிறது! அங்கே காற்று இருக்கிறது. பயணிகள் சாதாரண உடையிலேயே உலாவுகிறார்கள். ஒரு கிழப் பேராசிரியர் நீரோட்டம் பார்க்கும் கவைக்குச்சியைக் கையில் ஏந்திக்கொண்டு தண்ணீர் தேடிப் புறப்படுகிறார். மலைக் குகையில் தங்கம் கிடைக்கிறது. சந்திரனின் மறுபக்கத்தில் காற்று இருக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹான்சன் என்ற வானியலார் கருதியதுண்டு. கதைக்கு அது வசதியாயிற்று. 1959 அக்டோபரில் ரஷ்யாவின் லூனா 3 அந்த மறுபக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியது. இந்தப் பக்கத்தைப் போலவே அதுவும் குழிகள் நிறைந்த வறண்ட நிலந்தான்.

ஆக, ஒரே படத்தின் முற்பாதி இளமையாகவும் பிற்பாதி கிழமாகவும் இருக்கிறது. கணக்கில் விளைந்தது முற்பாதி. ஆசையில் விளைந்தது பிற்பாதி என்று நான் எளிதாக முடித்துவிடுவேன். ஆனால் அதற்கு இடம் கொடாத ஒரு செய்தி குறுக்கே நிற்கிறது. ராக்கெட் புறப்படும் கணம் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். மௌனப் படமாதலால் குரல் கொடுத்துச் சொல்ல வழியில்லை. ஒன்று, இரண்டு என்று ஏறுவரிசையில் எண்ணினால் எந்த எண்ணில் புறப்படும் என்று எவருக்கும் தெரியாது. எனவே லாங், எழுத்துத் திரையில் எண்களை இறங்குவரிசையில் காட்டி, ஒன்றுக்குப் பின் ‘இப்போது’ என்று போட்டார். அது கணக்கன்று, பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த நாடக உத்தி. இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலும் ராக்கெட் புறப்படுமுன் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அதன் வேர் விஞ்ஞானச் சாலையில் இல்லை, படப்பிடிப்பு நிலையத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தில் ராக்கெட்டுக்கு இட்ட பெயர் ‘ஃபிரீட’. கதாநாயகியின் பெயரும் அதுதான். ஜெர்மன் மொழியில் அதற்கு அமைதி என்று பொருள். இந்தப் பெயரின் பிற்கால வரலாற்றை நான் சொல்லாமல் விட முடியாது. ஓபர்த்திடம் 1930-இல் உதவியாளராக இருந்த இளைஞர் வெர்னர் ஃபான் பிரௌன். அவரை ஜெர்மன் இராணுவம் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 1942 அக்டோபர் 3-ஆம் நாள் பீனமுண்டே என்ற கடற்கரையிலிருந்து வி-2 என்ற ஏவுகணை முதன்முறையாக வெற்றியோடு விண்ணுக்கு ஏறிற்று. அதன் அடிப்பகுதியில் ஒரு சித்திரம் தீட்டியிருந்தார்கள்: பிறைச் சந்திரன்மேல் அமர்ந்த ஒரு பெண். பதின்மூன்று ஆண்டுக்கு முந்திய அந்தப் படத்தின் சின்னமே அது! 1944 செப்டம்பர் 8 முதல் அந்த ஏவுகணைகள் லண்டனில் விழத் தொடங்கின. அவற்றைச் செய்வதற்காக மலைக்குள் குடையப்பட்ட சுரங்கங்களில் கைதிகளை வேலை வாங்கினார்கள். மிட்டல்பாவ் டோரா என்ற அந்த முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. ஏவுகணை விழுந்து மாண்டவர்களைவிட, அது செய்யப்பட்ட இடத்தில் மாண்டவர்களே மிகுதி என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். நிலத்தின்கீழே இயந்திரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக நடக்கும் மனிதர்களை 1927-இல் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் கண்டவர்கள், அது நூறாண்டுக்குப் பின் வரப்போவதாகவே எண்ணியிருப்பார்கள். பதினாறே ஆண்டில் அவர்கள் நாட்டிலேயே அது வந்துவிட்டது.

போர் முடிந்த பின் அதே ஃபான் பிரௌன் அமெரிக்கா சென்று சாட்டர்ன் ராக்கெட்டை உருவாக்கினார். 1969-இல் மனிதர் சந்திரனில் இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். அதற்கு ஓர் ஆண்டு முன், 1968 ஏப்ரலில் வெளியான ஒரு படத்துக்கு இனி வருவோம். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்பது அதன் பெயர். இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். அவரோடு சேர்ந்து கதை அமைத்த ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008-இல் மறையும் வரை நம் அண்டை நாடாகிய இலங்கையிலே வாழ்ந்தவர். மிகுந்த கவனத்தோடு எடுக்கப்பட்ட படம்; பொறியியல் வல்லுநர்கள் பலரைக் கலந்துகொண்டே எடுத்தார்கள்.

எங்கள் பள்ளி விஞ்ஞான மன்றத்தில் இந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியை மாணவர்களுக்குக் காட்டியதுண்டு. விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஒரு விஞ்ஞானி, பூமியில் இருக்கும் தம் சிறு மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். பேசி முடித்ததும் கட்டணம் 1 டாலர் 70 சென்ட் என்று திரையில் தெரிகிறது. இந்தக் காட்சியைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள் என்று ஆசிரியர்கள் எதிர்பார்த்தோம். 2020-இல் பெருந்தொற்றின்போது மாதக்கணக்கில் கைப்பேசித் திரையிலேயே பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, பேசுவதற்கு அவர் ஏன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்?” என்று கேட்டான். காசு கொடுத்துப் பேசும் கூண்டு என்ற ஒன்று இருந்ததையே அவன் அறியான். முகம் காட்டும் தொலைபேசியை அவன் இயல்பென்று ஏற்றுக்கொண்டான். கூண்டுதான் அவனுக்கு விளங்காத விந்தைப் பொருளாயிற்று.

அந்தக் கேள்வியைப் பின்பற்றிப் படம் முழுவதையும் பார்த்தால், வேடிக்கையான ஓர் உண்மை புலப்படும். அதில் காட்டிய பொருள்கள் பல இன்று நம் கையில் இருக்கின்றன. உண்ணும்போது மேசைமேல் வைத்துச் செய்தி பார்க்கும் தட்டையான பலகைகூட இருக்கிறது. மறைந்துபோனவை எவை? விண்வெளிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதாகக் காட்டிய பான் ஆம் விமானக் கம்பெனி 1991 டிசம்பரில் மூடப்பட்டது. தொலைபேசிக் கூண்டில் பெயர் பொறித்திருந்த பெல் நிறுவன அமைப்பு 1984 ஜனவரியில் பல கூறாகப் பிரிக்கப்பட்டது. நிலையத்தின் கூடத்தில் அமர்ந்து உரையாடும் சோவியத் விஞ்ஞானிகளின் நாடு 1991 இறுதியில் கலைந்தது. கம்பெனியும் அரசும் நிலையானவை, இயந்திரந்தான் மாறும் என்று எண்ணி எடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டு வந்தபோது அந்த மூன்றும் இல்லை.

அன்று முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. “இந்தப் பெண்கள் எல்லாரும் ஏன் தட்டு ஏந்திக்கொண்டே வருகிறார்கள்?” என்றாள். ரஷ்ய விஞ்ஞானிகளில் சில பெண்களைக் காட்டுகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் வியாழன் கோளை நோக்கிச் செல்லும் கப்பலில் உள்ள ஐவரும் ஆண்கள். 1963-லேயே வாலென்டினா தெரஷ்கோவா விண்வெளியில் தனியாகப் பறந்து திரும்பியிருந்தார். 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் தம் ராக்கெட்டில் வானியல் கற்ற ஒரு பெண்ணை ஏற்றியிருந்தார். 1936-இல் வெல்ஸ் தம் பீரங்கிக்குள் ஒரு பெண்ணை வைத்தார். அவர்களுக்குத் தோன்றியது 1968-இல் தோன்றவில்லை. காலம் செல்லச் செல்லக் கற்பனை முன்னே போகும் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றும் இல்லை.

கணிப்பொறியின் கதையும் இத்தகையதே. இந்தப் படத்தின் கப்பலை நடத்துவது ஹால் என்ற கணிப்பொறி. அது பேசுகிறது, சதுரங்கம் ஆடுகிறது, உதட்டசைவைக் கொண்டு பேச்சைப் படித்துக்கொள்கிறது. இந்தத் திறன்களெல்லாம் பின்னால் மெய்யாயின. சதுரங்கத்தில் உலக வீரர் காஸ்பரோவைக் கணிப்பொறி வென்றது 1997-இல். ஆனால் ஹாலின் மூளை எவ்வளவு பெரியது? ஒரு மனிதன் உள்ளே மிதந்து சென்று, ஒவ்வொரு துண்டாகக் கழற்ற வேண்டிய அளவுக்கு அது ஓர் அறை. அன்றைய கணிப்பொறிகள் அறையை நிறைத்தன. வருங்காலத்தின் அறிவுமிக்க கணிப்பொறியும் அறையை நிறைக்கத்தானே வேண்டும்? அதே 1968-இல் அப்பலோ கப்பலில் உண்மையாகவே பறந்த கணிப்பொறி சுமார் 32 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெட்டி. பொருள் சிறுக்கத் தொடங்கிவிட்டதற்குச் சான்று அங்கே இருந்தது. திரையில் ஏறவில்லை.

பெரிதாவதைக் கற்பனை செய்வது எளிது. சிறிதாவதைக் கற்பனை செய்வது அரிது என்று எனக்குப் படுகிறது. 1982-இல் வந்த ‘பிளேடு ரன்னர்’ என்ற படம் 2019-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. தெருவுக்கு மேலே கார்கள் பறக்கின்றன. மனிதரைப் போலவே செயற்கை மனிதர் உலவுகின்றனர். கதாநாயகனோ மதுக்கடைச் சுவரிலுள்ள பொதுத் தொலைபேசியை நாடுகிறான். கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசியில் ஒருவர் நியூயார்க் தெருவில் நின்று பேசிக் காட்டியது 1973 ஏப்ரலில்! 1989-இல் வந்த வேறொரு படம், 2015-இல் வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை ஃபேக்ஸ் பொறி இருக்கும் என்றது. அந்தப் பொறியை இன்று மாணவர்கள் பலர் கண்ணாலும் கண்டிரார்கள்.

இப்போது வெல்ஸின் வாதத்துக்குத் திரும்ப வேண்டும். இயந்திரம் திருந்தினால் மாடுபோல் உழைக்கும் மனிதன் தேவைப்பட மாட்டான் என்றார் அல்லவா? ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் ஒரு பெரிய வட்டத் தட்டின்முன் ஒரு தொழிலாளி நிற்கிறான். அவன் எண் 11811. தட்டின் விளிம்பைச் சுற்றி விளக்குகள். நடுவே கடிகார முள்போல் இரண்டு நீண்ட கைகள். எந்த விளக்கு எரிகிறதோ, அந்த விளக்குக்கு முள்ளைத் தள்ள வேண்டும். ஒன்று அணைந்ததும் வேறொன்று எரியும். பத்து மணி நேரம் இதுவே வேலை. எதற்காக அந்த வேலை என்று படம் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியாது. இதைக் கண்டுதான் வெல்ஸ் எரிச்சலடைந்திருக்க வேண்டும். இத்தகைய வேலையை ஓர் இயந்திரமே செய்துவிடாதா என்பது நியாயமான கேள்வியே.

ஆயினும், இன்று பெரிய சரக்குக் கிடங்குகளில் ஒரு முறை வழக்கத்தில் இருக்கிறது. அடுக்குகளில் சிறு விளக்குகள் பொருத்தியிருப்பார்கள். எந்தப் பெட்டியின் விளக்கு எரிகிறதோ அதிலிருந்து பொருளை எடுக்க வேண்டும். எடுத்ததும் அடுத்த விளக்கு எரியும். எதை எடுக்க வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது கணிப்பொறி. கையை நீட்டுவது மனிதன். எண்ணுவதற்கு மனிதன் வேண்டாம் என்ற அளவில் வெல்ஸ் சொன்னது மெய்யாயிற்று. கை மட்டும் இன்னும் தேவைப்படுகிறது. அந்தப் படத்தின் விமானங்கள் கிழடாகிவிட்டன, கார்கள் கிழடாகிவிட்டன. விளக்கு எரியும் திசைக்குக் கையை நீட்டும் அந்த மனிதன் கிழடாகவில்லை.

இன்னொன்றும் கிழடாகவில்லை. அதே படத்தில் ஒரு விஞ்ஞானி உலோகப் பெண்ணொருத்தியை உண்டாக்குகிறான். மரப்பசை போன்ற ஒரு குழம்பால் செய்து பளபளப்பேற்றிய கவசம் அது. நடிகை பிரிகிட்டே ஹெல்ம் அதற்குள் நின்று நடித்தார். இன்று பார்த்தால் கண்காட்சிப் பொம்மை என்றே தோன்றும். ஆனால் அந்தப் பொம்மையைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தொழிலாளர்கள் தெய்வமாக மதிக்கும் மரியா என்ற நல்லாளின் முகத்தை அதற்கு ஏற்றுகிறார்கள். முகமும் உடலும் அவளுடையவை; பேச்சு மட்டும் ஆட்டி வைப்பவனுடையது. கூட்டத்தின் நடுவே நின்று அது பேசுகிறது. தம் மரியாவே பேசுகிறாள் என்று நம்பிய மக்கள் தம் வீடுகள் வெள்ளத்தில் மூழ்குவதற்குத் தாமே வழி செய்துவிடுகிறார்கள். 1927-இல் இதை எவரும் விஞ்ஞானமாகக் கருதியிருக்க மாட்டார்கள். மந்திரவாதக் கதையின் மிச்சமென்றே நினைத்திருப்பார்கள். இன்றோ, ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணிப்பொறியால் படியெடுத்து, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிப் படங்கள் உங்கள் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன.

இந்தப் படம் நம் கைக்கு ஏறத்தாழ முழுமையாக வந்து சேர்ந்த கதையைச் சொல்ல நேரம் சற்று இருக்கிறது. வெளியான சில மாதங்களுக்குள்ளேயே, நீளம் மிகுதி என்று கூறி அதை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டிய பகுதிகள் தொலைந்துபோயின. 2008-இல் தென்னமெரிக்காவின் பியூனஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் பழைய படச்சுருள் ஒன்று அகப்பட்டது. கீறலும் கோடுமாக இருந்த அதைத் துப்புரவு செய்து, சுமார் 25 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து, 2010-இல் பெர்லினில் மீண்டும் திரையிட்டார்கள்.

அந்த 25 நிமிடத்தில்தான் 11811-ஆம் எண் தொழிலாளியின் கதை இருக்கிறது. தலைவனின் மகன் அவன்மேல் இரங்கி, அவனுடைய உடையைத் தான் அணிந்துகொண்டு, தட்டின்முன் நின்று முள்ளைத் தள்ளத் தொடங்குகிறான் என்பது முன்பே தெரிந்ததுதான். உடையை மாற்றிக்கொடுத்த தொழிலாளி என்ன ஆனான் என்பது எண்பது ஆண்டுகளாகச் சரிவரத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. செல்வனின் உடையோடு அவன் மேலே வந்து காரில் ஏறுகிறான். போகச் சொன்ன இடம் ஒன்று. வண்டியின் சன்னல் வழியே கேளிக்கை விடுதியின் விளம்பரத் தாள்கள் வந்து விழுகின்றன. சட்டைப் பையில் கையை விட்டுப் பார்க்கிறான், பணம் இருக்கிறது. வண்டி வேறு பக்கம் திரும்புகிறது.